மாங்காயா, நாங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில், ஒரு பெயரை விவரிக்கும் இரண்டு வினைகளை 'அண்ட்' போட்டுச் சேர்க்கும்போது இரண்டாவது 'விச்', 'ஹூ' தேவையே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பாதிதான் சரி. மீதிப் பாதியில் நான் வழுக்கி விழுந்தவன்.

காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்காய் மண்டியில் பல வருடம் கணக்கு எழுதினேன். ஒரு சீசனில் மாங்கூழ் ஆலைக்குப் போன தோத்தாபுரி ரக மாங்காய் லோடு ஒன்று, காம்புப் பக்கம் அழுகல் என்று திரும்பி வந்துவிட்டது. ஆங்கிலத்தில் கடிதம் போட்டேன்: 'த மேங்கோஸ் விச் வி சென்ட் அண்ட் வேர் ரிஜெக்டட்...' ஆலையிலிருந்து போன் வந்தது. "மாங்காயைத்தான் சார் ரிஜெக்ட் பண்ணோம், உங்களை எப்போ பண்ணோம்?" (பணம் பாதிதான் வந்தது. அதற்கு இலக்கணம் காரணமில்லை.)

'சென்ட்'டுக்கு அந்த 'விச்' செயப்படுபொருள்; அனுப்பியது நாங்கள். 'வேர் ரிஜெக்டட்'டுக்கோ மாங்காய்தான் எழுவாய். 'விச்'சின் வேலை இப்படி மாறியதும் இன்னொரு 'விச்' போட்டாக வேண்டும். போடாவிட்டால் பின்னால் வரும் வினை, பக்கத்தில் கிடக்கும் 'வி'யைப் பிடித்துக்கொள்கிறது.

'த மேங்கோஸ் விச் வி பிளக்ட் அண்ட் யு வெய்ட்' என்றால் இரண்டு இடத்திலும் செயப்படுபொருள். ஒரு 'விச்' போதும், அதையும் எடுத்துவிட்டால்கூடத் தப்பில்லை. 'த லாரி விச் கேம் அண்ட் புரோக் டவுன்' என்பதில் இரண்டும் எழுவாய். பின்னதை விடலாம், முன்னதைத் தொடக்கூடாது. நீங்கள் கொடுத்த உதாரணங்கள் எல்லாம் இந்த ரகம். வேலை மாறும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

நமக்கு இது சட்டென்று உறைக்காது. அனுப்பிய மாங்காய், அழுகிய மாங்காய் இரண்டுக்கும் தமிழில் வெறும் பெயரெச்சம்தானே. 'புலி கொல் யானை' என்றால் கொன்றது எது, செத்தது எது என்று இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தொல்காப்பிய உரைகளிலேயே பேசப்பட்ட சிக்கல் அது. எங்கள் மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள் ஏராளம். அந்த மொழிகளிலும் இதே கதைதான்.

எங்கள் தெருப் பிள்ளைகள் உங்கள் பகுதியை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். ஒட்டுகிற அளவுக்கு ஒரு திருத்தம் அடுத்த வாரம் போடுங்கள்.

- ஒரு வாசகர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்