சின்னி விரலைப் பார்த்துச் சம்பந்தம் பேசுகிற பெரியவர்களுக்கு

திருகோணமலையில் கலியாணம் பேசுகிற தரகர் ஐயாமாருக்கும், அவர்களோடு பொம்பிளை பார்க்க வருகிற மாமிமாருக்கும் வணக்கம்.

போன மாதம் உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பகுதி வந்து போனது. தேத்தண்ணி குடித்து, சாதகமும் பொருந்தி, எல்லாம் சரி என்றிருந்த நேரத்தில் மாமி ஒருவர் என் கையைப் பிடித்துச் சின்னி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது உள்பக்கம் வளைந்திருக்கிறது, உண்மைதான், பிறந்ததிலிருந்தே அப்படித்தான். இரண்டு நாள் கழித்துத் தரகர் ஐயா போனில் சொன்னார்: "தமையனுக்கும் வருத்தம், பிள்ளைக்கும் அந்த அடையாளம் இருக்குதாம், டொக்டர்மாரே கண்டுபிடிச்சிருக்கினமாம்."

அண்ணாவுக்கு மனச்சிதைவு நோய் இருக்கிறது, அதை நாங்கள் ஒளிக்கவில்லை. ஆனால் அந்த "டொக்டர்மாரே" என்ற பேச்சை விட முடியவில்லை, ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது.

வளைந்த சின்னி விரல், உயர்ந்த மேலண்ணம், கீழே இறங்கிய காது, உள்ளங்கையில் ஒற்றைக் கோடு, தலையில் இரட்டைச் சுழி, கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே அகன்ற இடைவெளி. இப்படி ஒரு பட்டியலை 1968இல் வால்ட்ராப் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் பாலர் வயதுப் பிள்ளைகளின் நடத்தையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். (இரட்டைச் சுழிக்கு ரெண்டு கலியாணம் என்று நம் ஆட்கள் அதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லியாயிற்று!) பிறகு வந்த ஆய்வுகளில், மனச்சிதைவு உள்ளவர்களிடம் இந்த அடையாளங்கள் மற்றவர்களைவிடச் சராசரியாகக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது தெரிந்தது. கருவில் தோலும் மூளையும் ஒரே படலத்திலிருந்து உருவாகின்றன, முகமும் மூளையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்கின்றன, அதனால் முதல் மாதங்களில் நடந்த ஏதோ ஒன்றின் தடம் இரண்டிலும் விழலாம் என்பதுதான் அதன் விளக்கம். 1944-45 பஞ்சக் குளிரில் நெதர்லாந்தில் கருவான பிள்ளைகளுக்கு இந்த நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்ததும் அந்த மாதங்களைத்தான் காட்டுகிறது. எங்கள் அம்மா அண்ணாவைச் சுமந்தது இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில். அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, யாராலும் சொல்ல முடியாது.

சராசரி என்றேனே, அங்கேதான் நீங்கள் வழுக்குகிறீர்கள். பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் ஆயிரம் பேரை நிறுத்துங்கள். நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கில் பத்துப் பேருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரலாம். ஒரு பேச்சுக்கு, நோய் வராதவர்களில் பத்தில் ஒருவருக்கும், வருகிறவர்களில் பத்தில் இருவருக்கும் விரல் வளைந்திருக்கிறது என்று வையுங்கள். வளைந்த விரல்காரர் மொத்தம் நூற்றியொருவர், அதில் நோய்க்காரர் இரண்டே இரண்டு பேர். மிச்சத் தொண்ணூற்றொன்பது பேரையும் என்ன செய்வீர்கள், என்னைக் கழித்த மாதிரி கழிப்பீர்களா? கூடப்பிறந்தவருக்கு நோய் இருந்தாலும் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு அது வருவதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறக்கிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. அவர்களுக்குப் பெரும்பாலும் இதயத்திலோ அண்ணத்திலோ கோளாறு இருக்கும். அதை இரத்தப் பரிசோதனையில்தான் உறுதிப்படுத்துகிறார்கள், விறாந்தையில் கையைப் பிடித்து அல்ல.

இன்னொன்று சொல்ல வேணும். அண்ணாவின் சின்னி விரல் அம்பு மாதிரி நேராக இருக்கும். இருபத்திரண்டு வயதில் அவர் இரவில் தூங்காமல் நடந்தார், கூட்டாளிமாரை விட்டார், பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று யன்னலை எல்லாம் பூட்டினார். அதை யாரும் அடையாளம் என்று எடுக்கவில்லை, காதல் தோல்வி என்றார்கள், செய்வினை என்று நூல் கட்டினார்கள், "அங்கொடைக்கு அனுப்புங்கோ" என்று மனநோய் ஆஸ்பத்திரியைச் சொல்லிப் பகிடியும் பண்ணினார்கள், ஒரு வருடம் போய்விட்டது. மருந்து முந்தித் தொடங்கியிருந்தால் அந்த வருடமாவது மிஞ்சியிருக்கும் என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது அண்ணா மாதம் தவறாமல் கிளினிக் போகிறார், காலையில் மீன் வாங்கி வருவதும் அவர்தான். உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படித் தூக்கம் விட்டால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல உதவி எண் அது.

தரகர் ஐயா, அடுத்த சம்பந்தம் கொண்டு வந்தால் தாராளமாக வாருங்கள். போன முறை செருப்பைக் கழற்றினபோது கவனித்தேன், உங்கள் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒரு விரலே வைக்கலாம். நான் யாரிடமும் சொல்லவில்லை.