கைப்பிடி அளவில் ஓ.ஆர்.எஸ்.ஸா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

1971 வங்கதேச அகதி முகாம் கட்டுரை படித்தேன். காலராவுக்கு மருந்து தீர்ந்ததும் டாக்டர் திலீப் மஹாலநபிஸ் 'வேறு வழியில்லாமல்' ஒரு கைப்பிடி சர்க்கரையும் சிட்டிகை உப்பும் கரைத்து, ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்கில் இழந்த நீரை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) என்று கொடுத்தாராம். யார் கைப்பிடியோ?

போன்காவ் முகாமில் தீர்ந்தது ட்ரிப் பாட்டில். அவர் கொடுத்தது நிறுத்து அளந்த கலவை: லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டி அனுப்பினார்கள். அங்கே டிரம்மில் கரைத்துக் குழாய் வைத்தார்கள். நோயாளியின் வீட்டாரே பிடித்துப் புகட்டினார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த காலரா சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. டாக்காவில் 1968-லேயே சோதித்த முறைதான் இது. திக்குத் தெரியாமல் செய்ததல்ல.

நாட்டு வைத்தியம் மாதிரி எழுதினால் வாசகர் அப்படியே செய்வார். சர்க்கரை கூடினால் குடல் உடம்பிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும், வயிற்றுப்போக்கு அதிகமாகும். உப்பு கூடினால் குழந்தைக்கு வலிப்பே வரலாம். குழந்தைகள் வார்டில் நாங்கள் பார்க்காததா? ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைப்பார்கள். சிலர் பாதிப் பொடியை மட்டும் கரைத்துவிட்டு மீதியை மறுநாளைக்கு மடித்து வைப்பார்கள். வாந்தி எடுத்தால் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகத் தொடர வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. 'ஊசி போடாமல் வெறும் தண்ணியா?' என்று சண்டை வேறு. வயிற்றுப்போக்கில் ஓ.ஆர்.எஸ்.ஸோடு குழந்தைக்குக் கொடுக்கும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையைப் பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. நடிகர்களின் டயட்டுக்கு மட்டும் வாராவாரம் முழுப் பக்கம்.

டாக்டர் மஹாலநபிஸுக்குப் பத்ம விபூஷண் அறிவித்தது 2023-இல், இறந்த பிறகு. உயிரோடு இருந்தபோது எத்தனை பேர் எழுதினோம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

ஒரு திருத்தம் மட்டும் போடுங்கள். பாக்கெட் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை துவண்டு, குடிக்க முடியாமல் போனால் உடனே ஆஸ்பத்திரி. கட்டுரை வந்த எழுத்தளவிலேயே வரட்டும். போன தடவை மாதிரி ராசிபலனுக்கு அடியில் பொடி எழுத்தில் வேண்டாம்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
திண்டுக்கல்