அப்பாரு கத்தி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பத்து முறையாவது பெரிதாக்கிப் பார்த்திருப்பேன். சோலிங்கன் ஊரில், கிரேஃப்ராத் மியூசியத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் மடக்குச் சவரக்கத்திகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்று அப்பாரு கத்தி மாதிரியே இருந்தது. நான் இங்கிலீஷ் எழுத்து படிக்கத் தொடங்கிய புதிதில் எழுத்துக்கூட்டி வாசித்த வார்த்தைகளில் அந்த ஊர்ப் பெயரும் ஒன்று. அப்பாரு கத்தியின் அடியில் சின்னதாகப் பொறித்திருக்கும். அங்கே செய்த கத்தியில்தான் அந்தப் பெயரைப் போடலாம் என்று 1938-லேயே ஜெர்மனியில் சட்டம் வந்துவிட்டது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது.

"நானும் ஒண்ணு வாங்கிச் சவரம் பண்ணப் போறேன்ப்பா" என்று நீ போனில் சொன்னபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன். நீ கவனித்திருப்பாய். அடுத்து "அப்பாரு கத்தி எங்கே?" என்று கேட்பாயோ என்றிருந்தது. அந்தக் கத்தியைக் கெடுத்தது நான்தான். இத்தனை வருஷம் உன்னிடம் சொன்னதில்லை.

அப்பாரு 1994-ல் தவறிய பிறகு பெட்டியிலிருந்து எடுத்தேன். உனக்கு அப்போது ஐந்து வயது. பிளேடு வாங்கக் காசில்லாமல் ஒன்றும் இல்லை, அவர் பிடித்ததை நானும் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. முதல் வாரம் தாடையில் நாலு இடத்தில் கீறல். கத்தியைத் தோலில் செங்குத்தாக நிறுத்தி, அழுத்தி இழுத்தேன். சாய்வு முப்பது டிகிரிக்குள் இருக்க வேண்டும், மறு கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், கத்தி தன் எடையிலேயே போக வேண்டும். இதைக் கை புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆனது. முதல் மாதம் நீ கன்னத்தோடு நிறுத்திக்கொள். மோவாயும் மேலுதடும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முடி போகும் திசையிலேயே மழி. எதிர்த்திசைக்கு ஒரு அவசரமும் இல்லை.

ஒருநாள் கத்தியைக் கழுவும்போது பித்தளைக் குழாயில் இடித்துவிட்டேன். கத்தியின் வாயில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு பொக்கை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அப்பாருவுக்குத் திண்ணையில் சவரம் செய்ய அடைப்பத்தோடு, அதுதான் சவரச் சாமான் பையோடு, வருவாரே ஒரு பெரியவர், அவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். நான் சின்னப் பையனாக இருந்தபோதே, "கல்லுல கத்தியைப் படுக்க வைக்கணும் சாமி, முதுகும் வாயும் ஒண்ணாத் தொடணும்" என்று காட்டியவர். சைக்கிள் எடுத்தால் பத்து நிமிஷம். நான் போகவில்லை.

பட்டறைக்குக் கொண்டுபோனேன். பதினெட்டு வருஷமாக லேத் டூல் தீட்டுகிறவன், இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். பெஞ்ச் கிரைண்டரை ஓடவிட்டு வாயைச் சக்கரத்தில் காட்டினேன். இரண்டு விநாடிகூட இருக்காது. பொக்கை போய்விட்டது. வாய் ஓரமாக மயில் கழுத்து நிறத்தில் ஒரு நீலம் ஓடியிருந்தது.

அந்த நீலம் என்ன என்று எனக்குத் தெரியும் தம்பி. நாங்கள் தீட்டுகிற எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் ஐந்நூறு டிகிரி சூட்டுக்கும் அசையாது. சிவக்கச் சிவக்க வெட்டும். சவரக்கத்தி கார்பன் எஃகு. இருநூறு டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். நீலம் தெரிந்தால் முந்நூறை எட்டிவிட்டது என்று அர்த்தம், டெம்பர், அதாவது எஃகின் கடினம், போய்விட்டது. வாய்ப்பக்கம் காகிதம் மாதிரி மெல்லிசு, சூடு ஓட இடமில்லாமல் அங்கேயே தங்கிவிடும். இதையெல்லாம் அப்ரண்டிஸ் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். கை பழகிய வேலை என்பதால் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கவில்லை.

நீலம் போகும்வரை கல்லில் தேய்த்துப் பார்த்தேன். வாய் நேராக இல்லாமல் நடுவில் குழிந்தது. எவ்வளவு தீட்டினாலும் கால்வாசி முகத்துக்குள் மழுங்கிவிடும். துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். ஆத்தா ஒருநாள் பெட்டியைத் திறந்து, கத்தியை விரித்துப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஐந்தாறு வருஷம் கழித்து, பழைய சாமான் கடையில் வேறொரு கத்தி வாங்கி முதலிலிருந்து தொடங்கினேன். அந்தப் பெரியவர் அதற்குள் போய்விட்டார். அவர் மகன் சலூன் வைத்திருக்கிறார், ஆனால் எய்ட்ஸ் பயம் வந்தபிறகு சலூன்களில் எல்லாம் பாதி பிளேடு மாட்டும் கத்திதான். கத்தியை இழுத்துப் பதமாக்கும் தோல்வாரை எங்கோ போட்டுவிட்டதாகச் சொன்னார். பெரியவர் ஒரு வார்த்தையில் சொன்னதைத் தனியாகக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருஷம் பிடித்தது. முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படிந்தால் கோணம் தானாக அமைந்துவிடும், நாம் பிடிக்கவே வேண்டாம். கல்லில் வாய் முன்னால் போக வேண்டும், தோல்வாரில் முதுகு முன்னால் போக வேண்டும். இதை மாற்றிச் செய்து ஒரு நல்ல வாரைக் குறுக்கே அறுத்தேன்.

வாரை விறைப்பாக இழுத்துக் கட்டு. தொய்வாக இருந்தால் தோல் வளைந்து வாயைச் சுற்றிக்கொள்ளும், வாய் உருண்டுவிடும். நம் சலூன்களில் பார்த்த மாதிரி சடசடவென்று அடிக்காதே. ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் நாற்பது, ஐம்பது தடவை நிதானமாக. திருப்பும்போது முதுகு தோலை விட்டு எழும்பக் கூடாது. இதை ஒழுங்காகச் செய்தால் கல்லுக்கு மாதக்கணக்கில் வேலை இருக்காது. சந்தேகம் வந்தால் பத்து மடங்கு லென்ஸை வைத்து வெளிச்சத்தில் பார். நல்ல வாய் வெளிச்சத்தைத் திருப்பாது. எங்காவது வெள்ளையாக மினுங்கினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது.

ஆசையில் நான் ஐந்து கத்தியும் மூன்று கல்லும் வாங்கிச் சேர்த்தேன். ஒவ்வொரு கத்திக்கும் கை தனியாகப் பழக வேண்டும், அதனால் எதிலும் கை படியவில்லை. இரண்டு கத்திகளைத் தோல் உறையில் போட்டுக் குளியலறை அலமாரியிலேயே வைத்திருந்தேன். ஒரு ஆடி மாதச் சாரலில் வாய் முழுக்கத் துருப் புள்ளி. நீ வேலை முடிந்ததும் துடைத்து, விரித்தபடி ஆறவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வெளி அறையில் வை. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுக்கிறது.

வாங்கும்போது கடையில் ஒன்று கேட்டுக்கொள். தீட்டி, உடனே சவரம் செய்யும் பதத்தில் தருவார்களா என்று. எல்லாப் புதுக் கத்தியும் அப்படி வராது. முதல் கத்தியே மழுங்கலாக இருந்தால் தப்பு கையிலா கத்தியிலா என்று உனக்குத் தெரியாது. மங்கிப்போன கத்தியை அங்கேயே தீட்டித் தருகிறவர்கள் இருந்தால், போய்ப் பக்கத்தில் நின்று பார். கேட்க வெட்கப்படாதே. நான் கேட்காமல் விட்டவன்.

அப்பாரு கத்தி பீரோவில்தான் இருக்கிறது. தை மாதம் வரும்போது எடுத்துக் காட்டுகிறேன், நீலம் ஓடிய இடம் லென்ஸில் பார்த்தால் இன்னமும் தெரிகிறது. உன் கத்தியையும் கொண்டு வா, செக்-இன் பெட்டியில் போடு, கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கல்லை ஊறப்போட்டு வைக்கிறேன். அம்மா உன் முகத்தில் கீறல் இருக்கிறதா என்று வீடியோவில் பார்க்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா