மூன்று மாதத்துக்கு ஒரு பாஸ்வேர்டு எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

பல அலுவலகங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும் என்கின்றன. இந்த விதியைத் தயவுசெய்து கைவிட வேண்டும். மக்கள் என்ன செய்கிறார்கள்? கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குகிறார்கள், அவ்வளவுதான். பழையது திருடனிடம் சிக்கியிருந்தால் புதியதை ஊகிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், இந்தக் கட்டாய மாற்றம் வேண்டாம் என்று 2017-லேயே சொல்லிவிட்டது. கசிந்தது தெரிந்தால் மாற்றினால் போதும்.

நீளம்தான் முக்கியம். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்தால் நினைவிலும் நிற்கும், உடைப்பதும் கடினம். அப்புறம், மின்னஞ்சலுக்காவது வேறெங்கும் பயன்படுத்தாத தனி பாஸ்வேர்டு வேண்டும். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பெல்லாம் அங்கேதான் வந்து சேர்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்