அம்மா, ஓய்வூதியத்தில் சேர்ந்துவிட்டேன்

அம்மா,

தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயோடு, ரத்தம் ஏற்றியே வாழும் உன் பிள்ளை ஓய்வூதியத் திட்டத்தில் பணம் கட்ட ஆரம்பித்துவிட்டேன். 60 வயதில்தான் கைக்கு வரும். நேரில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் இங்கே எழுதுகிறேன். நம் வீட்டு விஷயத்தை நாலு பேர் படிப்பதற்கு மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதானே சொல்லியிருப்பாய்?

அந்த ராத்திரிதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றும் டெஸ்ஃபெரால் மருந்தின் பம்ப் ஊசியை என் வயிற்றில் குத்தி, மேலே பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தாய். ஐந்து வருடச் சட்டப் படிப்பில் சேரட்டுமா என்று கேட்டேன். நீ நிமிரவே இல்லை. "அவ்ளோ வருஷம் எதுக்குடா? சின்னதா ஏதாவது படி." அப்புறம், ஊசி கழன்றுவிடக் கூடாதென்று விடியும்வரை பக்கத்திலேயே படுத்திருந்தாய். பிள்ளை தங்கமாட்டான் என்று நம்பிக்கொண்டே எப்படியம்மா தினமும் ஊசி போட்டாய்?

உன்னைக் குறை சொல்ல முடியாது. ஏற்றுகிற ஒவ்வொரு பை ரத்தத்தோடும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. அதைத் தானாக வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது. அது இதயத்தில் படிந்து, இருபது வயதைத் தாண்டாமல் போன தலசீமியா பிள்ளைகளை நாம் இருவருமே பார்த்தோம். 2005-க்குப் பிறகு ஊசிக்குப் பதிலாக இரும்பை வெளியேற்றும் டெஃபராசிராக்ஸ் மாத்திரை வரும், இதயத்து இரும்பை எம்ஆர்ஐயிலேயே அளப்பார்கள் என்று அன்றைக்கு யார் கண்டது?

ஆனாலும் தம்பி பெயரில் சேமிப்பு போட்டாய், என் பெயரில் போடவில்லை. எல்லாம் உன் மருந்துக்கே போச்சு என்பாய். சரி, உண்மைதான். உன் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. அது எனக்கு விழுந்தது, அவனுக்கு விழவில்லை. கல்யாணப் பேச்சு ஏன் நின்றது என்பதை மட்டும் இங்கே எழுதப்போவதில்லை. சொந்தக்காரர்களும் படிப்பார்கள்.

இப்போது 43. சர்க்கரை வந்துவிட்டது. ஸ்கேன் பார்த்த டாக்டர், உங்களுக்குக் கிழவர் எலும்பு என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. கிழவன் என்று என்னை யாராவது சொல்வார்கள் என்று நினைத்தோமா? தலைக்குச் சாயம் பூசச் சொல்லித் திட்டுகிறாயே, மாட்டேன். என்னோடு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் பலருக்கு முதல் நரையைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

விண்ணப்பத்தில் நாமினி என்ற இடத்தில் தம்பி பெயரைத்தான் எழுதினேன். கோபப்படாதே. எனக்குப் பிறகும் நீ இருப்பாய் என்ற கணக்கில் இனிமேல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடமாட்டேன்.