ராத்திரியில கமராவோட நம்மட ஊர்களுக்கு வாற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பிமாரே, தங்கச்சிமாரே,

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் "மர்மக் கோயில்", "பேய் உலாவும் வாவி", "சூனிய ஊர்" எண்டெல்லாம் தலைப்புப் போட்டு வீடியோ செய்ற உங்க எல்லாருக்கும் சேத்துத்தான் இதை எழுதுறன். உங்கள்ல கனபேர் நம்மட பிள்ளைகள்தான், எனக்குத் தெரியும். வீடியோ செய்றதை விடுங்க எண்டு சொல்ல வரல்ல. இன்னும் நிறையச் செய்ங்க. ஆனா கதையை அது நடந்த இடத்தோடயும் அதைச் சொல்ற ஆளோடயும் சேத்து எடுங்க, பயத்தை மட்டும் தனியா உரிச்செடுத்துக்கிட்டுப் போகாதீங்க. நான் கேக்கிறது இவ்வளவுதான்.

அண்டைக்கு ஒரு வீடியோ பாத்தன். பூட்டிக் கிடக்கிற ஒரு கோயில், முன்னுக்கு வேப்பமரம், டோர்ச் லைட் அடிச்சுக்கிட்டு மூச்சு வாங்க வாங்க ஒரு தம்பி சொல்றார், இந்தக் கோயிலை ஏன் வருசம் முழுக்கப் பூட்டி வச்சிருக்காங்க, உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு. தம்பி, அது கண்ணகி அம்மன் கோயில். நம்மட பக்கம் கனக்கக் கண்ணகி கோயில் அப்பிடித்தான், வைகாசியில கதவு திறப்பாங்க, சடங்கு நடக்கும், கடைசியில குளிர்த்தி பாடி அம்மனைக் குளிர வச்சுப்போட்டுத் திரும்பக் கதவைச் சாத்திருவாங்க. மதுரையை எரிச்ச கோபம் ஆறல்ல எண்டுதான் அந்தக் குளிர்த்தி. பக்கத்து வீட்டுப் படலையைத் தட்டி ஒரு அம்மம்மாவைக் கேட்டிருந்தா, அந்தக் கதையை உடுக்குச் சத்தம் உட்பட வாயாலயே பாடிக் காட்டியிருப்பா. அது எவ்வளவு பெரிய வீடியோவா வந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க.

மண்டூருக்கும் இப்பிடித்தான். முருகன் கோயில்ல பூசை செய்ற கப்புகனார் வாயைத் துணியால கட்டிக்கிட்டுப் பூசை செய்வார், மந்திரம் சொல்றதில்ல, மூலஸ்தானத்தைத் திரை மறைச்சிருக்கும், உள்ளுக்கு இருக்கிறதை ஒருத்தரும் பாக்கிறதில்ல. கதிர்காமத்து முறை அது. தேசத்துக் கோயில் எண்டு எத்தனையோ ஊர் கூடி வந்து கும்பிடுற இடம். மறைவா இருக்கிறதுக்கு ஒரு மரியாதை இருக்கு. திரைக்குப் பின்னால "ரகசியம்" எண்டு சிவப்பு அம்புக்குறி போட்டுக் காட்டுறது எனக்கு உண்மையாவே மனசு நோகுது.

வயலுக்கு வாங்க. வெட்டு மெசின் வாறதுக்கு முந்தி எருமையை விட்டுச் சூடு அடிக்கிற காலத்துல களவெட்டி, அதான் நெல்லுச் சூடு அடிக்கிற களம், எண்டா அது வேற உலகம். பூதம் வந்து பொலியை, அதான் குவிஞ்ச நெல்லை, வாரிக்கிட்டுப் போயிரும் எண்டு நம்பினாங்க, அதால களத்துக்குள்ள செருப்புப் போடக் கூடாது, வீட்டுல பேசுற மாதிரிப் பேசவும் கூடாது, சாமானுக்கெல்லாம் களத்துல வேற பேர், பூதத்துக்கு விளங்கக் கூடாது எண்டு. சின்னனில ஒருக்கா கொழும்பில இருந்து வந்த மச்சான் ஒருத்தன் களத்து வரம்புல நிண்டு "பெரியப்பா இது எத்தனை அவணம் வரும்" எண்டு நெல்லு அளவைச் சத்தமாக் கேட்டான். எருமை சுத்தி வந்துக்கிட்டிருக்கு, கம்பு பிடிச்சவர் அப்பிடியே நிண்டுட்டார், பெரியப்பா ஒண்டும் ஏசல்ல, வாயில கிடந்த வெத்திலையைக் களத்துக்கு வெளியால போய்த் துப்பிப்போட்டு வந்து ஒரு பிடி வைக்கலை எடுத்து அவன்ட கையில குடுத்து, போய்க் கண்டுக்குப் போடு எண்டு அனுப்பிட்டார். மறுகா கொஞ்ச நேரம் ஒருத்தரும் வாய் திறக்கல்ல, பொலி பாடத் தொடங்கின பிறகுதான் எருமையும் நடந்தது. அந்தப் பாட்டும் அந்தக் களத்துப் பேச்சும் முழுசாத் தெரிஞ்ச போடிமாரும் (வயல் சொந்தக்காரர்) வயல் வேலையை நடத்தின முல்லைக்காரரும் இண்டைக்குப் படுத்த படுக்கையா இருக்காங்க. பேய்க்கதை எண்டா இதுதான் நம்மட பேய்க்கதை, ஒரு ஊரே பூதத்துக்கு விளங்காத மாதிரிப் பேசிப் பழகியிருக்கு, இதை விட என்ன வேணும் உங்களுக்கு?

வாவியும் அப்பிடித்தான். ராத்திரியில வாவித் தண்ணிக்குள்ள இருந்து கேக்கிற சத்தத்தைத்தான் பாடும் மீன் எண்டு சொல்றம், அதை "கடற்கன்னியின் ஓலம்" எண்டு போட்டு எங்கயோ இருந்து எடுத்த மியூசிக்கைப் பின்னால ஓட விட்டிருந்தாங்க. உண்மையான சத்தம் கேட்டவங்க கேட்டிருக்காங்க. 1848-ல எமர்சன் டெனன்ட் எண்ட வெள்ளைக்கார அதிகாரி இங்க வந்து, நிலா எழும்பின பிறகு மீன்பிடிக்காரரோட தோணியில போய், தோணிப் பலகையில காதை வச்சுக் கேட்டு எழுதி வச்சிருக்கார், ஒரு சத்தமில்ல, சின்னச் சின்னச் சத்தம் கனக்க, ஒவ்வொண்டும் தனித்தனியாக் கேட்டதாம். மீன்பிடிக்காரர் அது மீன் இல்ல, ஊரி எண்ட சிப்பிப் பூச்சிதான் எண்டு அவருக்குச் சிப்பியைக் கொண்டுவந்து காட்டியிருக்காங்க. மறுகா மைக்கேல் கல்லூரியில இருந்த அமெரிக்கப் பாதிரியார் லாங் அந்தச் சத்தத்தைப் பதிவே செஞ்சு வச்சார். காரைதீவில பிறந்த விபுலாநந்த அடிகள் அதை நீரரமகளிர்ட, அதான் தண்ணிக்குள்ள வாழுற தெய்வப் பெண்கள்ட, இசையாப் பாட்டுல வச்சார். எது பாடுது எண்டது இண்டைக்கு வரைக்கும் முடிவான விசயமில்ல. அப்ப உண்மையான மர்மம் நம்மட கல்லடிப் பாலத்துக்குக் கீழயே கிடக்கு, பொய்யா ஒண்டு செய்யத் தேவையே இல்ல.

இனி நான் கோபத்தோட சொல்ற விசயம். நாவலடி, கல்லடிக் கரையில நடுச்சாமத்துல போய் "சுனாமி ஆவிகள்" எண்டு எடுக்காதீங்க. 2004 டிசம்பர் 26-ல பிள்ளையைப் பறிகுடுத்த தாய் அந்த வீதியிலதான் இன்னும் இருக்கிறா, உங்கட வீடியோ அவட பேரப்பிள்ளைட போனுக்கும் வரும். சண்டைக்குள்ள ஆக்கள் செத்த இடமும் அப்பிடித்தான். அது ஊர்க்கதை இல்ல, ஊர்ட துக்கம்.

பயத்தை மட்டும் பரப்பினா என்ன நடக்கும் எண்டு நாம பாத்த ஆக்கள். 2011 ஓகஸ்ட்ல, உடம்பில கிறீஸ் பூசின ஆக்கள் ராத்திரியில வந்து பொம்பிளைகளைத் தாக்குறாங்க எண்டு, கிறீஸ் பூதம் எண்டு கிளம்பினது ஞாபகம் இருக்கா, உங்கள்ல சிலர் அப்ப சின்னப் பிள்ளைகள். பொழுது பட்டா பொம்பிளைப் பிள்ளைகளெல்லாம் ஒரு வீட்டுக்குள்ள, ஆம்பிளைகள் பொல்லோட சந்தியில, தெரியாத முகம் வந்தா அடி, பொலிசோட ஆமியோட முறுகல். பழைய பூதத்துக்கு ஒரு களம் இருந்தது, சடங்கு இருந்தது, அதைச் சமாளிக்கிற வழி ஊருக்குத் தெரிஞ்சிருந்தது. இதுக்கு ஒண்டும் இல்ல, வாய்க்கு வாய் போன பயம் மட்டும்தான்.

மட்டக்களப்பாங்க மந்திரம் செஞ்சு வந்தவனைப் பாயோட ஒட்ட வச்சிருவாங்க எண்டு வெளியூர்ல சொல்றதை நாம காலங்காலமாக் கேட்டுக்கிட்டு வாறம். வந்தவன் இங்கயே கலியாணம் கட்டி, வயல் செஞ்சு, திரும்பிப் போக மனமில்லாம இருந்திட்டான், அதுக்கு அவன்ட ஊர்ல மந்திரம் எண்டு பேர் வச்சாங்க எண்டுதான் நம்மட ஆக்கள் சொல்லுவாங்க. அதை இப்ப நம்மட பிள்ளைகளே மண்டையோட்டுப் படத்தோட போடுறதைப் பாக்கேலாம இருக்கு.

அதால இப்பிடிச் செய்ங்க. கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயிலுக்குப் பகல்ல போங்க, பறங்கியர் (போர்த்துக்கேயர்) வந்து இந்த மாடு புல்லுத் தின்னுமா எண்டு கேட்டதுக்குக் கல்நந்தி எழும்பிப் புல்லுத் தின்ட கதையை அங்க இருக்கிற கிழவனார் ஒருத்தர்ட வாயாலயே கேளுங்க, நடுவுல வெட்டாதீங்க, அவர் இருமினாலும் கிடக்கட்டும். முஸ்லிம் ஊர்கள்ல மூத்தம்மாமார் சொல்ற ஜின் கதைகளையும், வாகரைப் பக்கம் வேடர் சமூகத்துச் சடங்குகளையும் அவங்கட அனுமதியோட எடுங்க. எந்த ஊர், ஆர் சொன்னது, அவருக்கு ஆர் சொன்னது எண்டு வீடியோக்குக் கீழ எழுதுங்க, பேர் போட விருப்பமில்லாட்டி ஊரை மட்டும் போடுங்க. வெட்டாத முழுப் பதிவை ஒரு பிரதி எடுத்து கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ உங்கட ஊர் நூலகத்துக்கோ குடுத்து வைங்க.

ஏப்ரல்ல இருந்து செப்டெம்பர் வரைக்கும் போயா (பௌர்ணமி) நாளையில வாவி அமைதியாக் கிடந்தா பாடும் மீன் கேக்கும் எண்டு சொல்லுவாங்க. தோணிக்காரர் ஒருத்தரைப் பிடிச்சு, துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு மற்றப் பக்கத்துல காதை வச்சுப் பாருங்க. தண்ணிக்குள்ள விடுற மைக் ஒண்டும் கொண்டு போங்க. பதிவானா மியூசிக் போடாம அப்பிடியே போடுங்க, முதல் ஆளா நான் பாப்பன், வெளிநாட்டுல இருக்கிற நம்மட ஆக்கள் எல்லாருக்கும் அனுப்புவன்.

அன்போட,
வாவிக்கரையில இருந்து உங்கட அக்கா ஒருத்தி