எய்யா, டுலூத்துல வீடு வாங்குறதுக்கு முன்னாடி இதப் படி

எய்யா, நல்லாருக்கியா. நீ அனுப்புன நியூஸ படிச்சேன், உங்கப்பாவும் கண்ணாடிய போட்டுக்கிட்டு ரெண்டு தடவ படிச்சாரு. க்ளைமேட் மாற்றத்துல இருந்து தப்பிக்க அமெரிக்காவுலயே நல்ல ஊரு மினசோட்டால இருக்க நம்ம டுலூத்துதானாம், அதனால நீயும் மருமகளும் ஃபீனிக்ஸ விட்டு இங்க வந்து வீடு வாங்கலாமான்னு யோசிக்கிறீங்களாம். உங்க கஷ்டம் புரியுது, 2023-ல தொடர்ந்து 31 நாளு பகல் உச்ச வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு கீழ இறங்கவே இல்லன்னா அந்த ஊர்ல பிள்ளைய வெச்சுக்கிட்டு எப்படித்தான் இருந்தீங்களோ. நீங்க வந்தா எங்களுக்கு அத விட என்ன வேணும், உங்கப்பா இப்பவே மாடி ரூம்ல இருக்க சாமானெல்லாம் இறக்கிட்டிருக்காரு. ஆனா ஃபோன்ல நாலு போட்டோவ பாத்துட்டு, "பாதுகாப்பான ஊரு"ன்னு எவனோ எழுதினத நம்பி அட்வான்ஸ் மட்டும் குடுத்துராத. நீ இங்கயே வளர்ந்தவன்தான், ஆனா காலேஜுக்குன்னு கிளம்புனவன், வீட்டு வரி, பேஸ்மென்ட் தண்ணி, கூரை ஐஸ் எல்லாம் எங்க தலவலியா இருந்துச்சே ஒழிய உனக்குத் தெரியாது. மருமகளுக்கும் படிச்சுக் காட்டு, அவளுக்காகத்தான் நீளமா எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். இந்த ஊரப் பத்தி வெளியூர்க்காரன் சொன்ன எதுவும் இதுவரைக்கும் பலிச்சதில்ல. 1868-லயே ஒரு பத்திரிகைக்காரரு மேடை ஏறி "உப்பில்லாக் கடல்களின் உச்சி நகரம்"னு இத புகழ்ந்தாரு, அப்ப இங்க விரல் விட்டு எண்ணுற அளவு வீடு இருந்திருந்தா பெருசு. அதுக்கு பதினாலு வருஷம் முன்னாடி, 1854 ஒப்பந்தத்துலதான் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள்கிட்ட இருந்து இந்தக் கரைய வாங்கிருந்தாங்க, வாங்கினதுன்னு சொல்லணும் அவ்வளவுதான். 1871-ல கென்டக்கி எம்.பி. ப்ராக்டர் நாட்னு ஒருத்தரு காங்கிரஸ்ல எழுந்து, ரயில்வேக்கு நிலம் குடுக்குற மசோதாவ எதிர்த்து டுலூத்த கிழி கிழின்னு கிழிச்சாரு, வருஷத்துல ஒம்பது மாசம் ரயில் எஞ்சின் புகைக்குழாயே உறஞ்சு விழுந்துரும்ங்கற மாதிரி, சபையே சிரிச்சு உருண்டுச்சு. நம்ம வீட்டுலருந்து மால் தாண்டி போனா வர்ற ப்ராக்டர்ங்கற ஊரு அந்தாளு பேருதான், திட்டுனவன் பேரையே வெச்சாங்க பாரு, அந்த குசும்பு எனக்குப் பிடிக்கும்.

அதே சமயத்துல ஃபிலடெல்ஃபியா பேங்கர் ஜே குக் இங்க பணத்த கொட்டி ரயில் கொண்டாந்தாரு, 1870-ல ரயில் வந்துச்சு, 1871-ல ஏரில இருந்து துறைமுகத்துக்குள்ள கப்பல் வர கால்வாய் வெட்டுனாங்க. துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்க சுப்பீரியர் ஊர்க்காரங்க கோர்ட்டுல தடை வாங்குறதுக்குள்ள நம்ம ஊராளுங்க மம்பட்டிய தூக்கிட்டுப் போய் ராத்திரியோட ராத்திரியா வெட்டி முடிச்சாங்கன்னு ஸ்கூல்ல உனக்கு கதை சொல்லிருப்பாங்க, நிஜத்துல வெட்டுனது ஒரு ஸ்டீம் டிரெட்ஜர். நிலத்த வாங்கிப் போட்டா கோடீஸ்வரன்னு ஜனம் ஓடி வந்துச்சு. 1873 செப்டம்பர்ல குக்கோட பேங்க் விழுந்துச்சு, ஊரும் கூடவே விழுந்துச்சு. 1877-ல நகர அந்தஸ்தே போய் கிராமமாகி, மறுபடி 1887-லதான் நகரமாச்சு. அன்னைக்கு நிலம் வாங்குனவனும் ஏதோ பேப்பர்ல படிச்சுட்டுத்தான் வாங்கிருப்பான்.

அப்புறம் இரும்பு. மெரிட் அண்ணன் தம்பிங்க 1890-ல மெசாபி மலைல தாது கண்டுபிடிச்சு, 1892-ல ஏத்துமதிய ஆரம்பிச்சு, அடுத்த வருஷமே பணமுடை வந்து ராக்பெல்லர்கிட்ட எல்லாத்தையும் இழந்தாங்க. தாது மட்டும் நிக்கல, ரயில்ல கரைக்கு வந்து கப்பல்ல ஏறி கீழ ஏரிகள் ஓரத்துல இருக்க உருக்கு ஆலைகளுக்குப் போச்சு, இன்னைக்கும் போகுது. இங்க மார்கன் பார்க்ல 1915-ல திறந்த உருக்காலைய 1970-கள்ல படிப்படியா மூடிட்டாங்க, அந்த மண்ணுல இறங்குன விஷத்த சுத்தம் பண்றதுக்கு மட்டும் பல வருஷம் ஆச்சு. 1960-ல ஒரு லட்சத்து ஆறாயிரம் பேருக்கு மேல இருந்த ஊரு, 2020-ல 86,697. எண்பதுகள்ல "கடைசியா போறவங்க லைட்ட அணைச்சுட்டுப் போங்க"ன்னு ரோட்டோரம் போர்டே வெச்சிருந்தாங்களாம், நாங்க வந்தப்ப பக்கத்து வீட்டு ஃபின்லாந்து பாட்டி அத சொல்லி சொல்லி சிரிக்கும். ஊரு அணையல. இப்ப ஆஸ்பத்திரி, யூனிவர்சிட்டி, சிரஸ் விமான ஆலை, டூரிஸ்ட்னு ஓடிட்டிருக்கு.

இப்ப புதுக் கதை. 2019-ல ஹார்வர்டுல இருந்து ஜெஸ்ஸி கீனன்னு ஒரு பேராசிரியர் இங்க வந்து "க்ளைமேட்-ப்ரூஃப் டுலூத்"னு ஒரு வாசகத்த போட்டுக் காமிச்சாரு, பாதி கிண்டலாத்தான் சொன்னாருன்னு பேச்சு, ஆனா நியூயார்க் டைம்ஸ்ல வந்ததும் உலகமே பிடிச்சுக்கிச்சு. அதோட வாலுதான் நீ அனுப்புன நியூஸும்.

அதுல உண்மையே இல்லன்னு சொல்லல. ஏரிதான் காரணம், மருமகளுக்கு சொல்லு. லேக் சுப்பீரியர் 82,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டுல பாதிக்கு மேல, ஆழமான இடத்துல 406 மீட்டர், உலகத்துல தரைக்கு மேல இருக்க நல்ல தண்ணில பத்துல ஒரு பங்கு இதுலயே இருக்கு. அவ்வளவு தண்ணி சூடாகவும் லேசுல ஆகாது, குளிரவும் லேசுல குளிராது. அதனால ஜூலைல எங்களுக்கு ஏசி இல்லாமயே ஓடிடும். டிவில வானிலை சொல்றவங்க எல்லாம் "ஏரிப் பக்கம் குளிரு கூட"ன்னு தினம் சொல்றதுக்கு அர்த்தம் என்னன்னா, மே மாசம் மேட்டு மேல இருக்க மால்ல நின்னா டீ-ஷர்ட் போதும், அங்கருந்து பத்து நிமிஷம் கார்ல கீழ இறங்கி ஏரிக்கரைல இருக்க கெனால் பார்க் வந்தா கிழக்கு காத்து ஸ்வெட்டர கேக்கும், பனிமூட்டத்துல பாலமே தெரியாது. ஒரே ஊருக்குள்ள ரெண்டு சீசன். ஏரிக்கும் மேல ஏர்போர்ட்டுக்கும் உயரம் மட்டும் 800 அடி வித்தியாசம், வீடு பாக்கும்போது இது பாதி விஷயம்.

மீதி பாதி, ஓடைங்க. இந்த மலை 110 கோடி வருஷம் முன்னாடி பூமி பிளந்து எரிமலைக் குழம்பு உறஞ்ச கறுப்புப் பாறை, மேல மெல்லிசா செம்மண் களி. ஸ்கைலைன் ரோடு போற உயரத்துலதான் பனியுகம் முடிஞ்ச காலத்து ஏரியோட பழைய கரை. மழை பெஞ்சா தண்ணி மண்ணுக்குள்ள இறங்க இடமில்ல, நேரா சரிவுல ஓடி வரும். நாப்பதுக்கு மேல ஓடைங்க ஊருக்குள்ள இறங்குது, டவுன்டவுன்ல பாதி ஓடைய நூறு வருஷம் முன்னாடியே ரோட்டுக்கு அடில குழாய்ல போட்டு மூடிட்டாங்க. 2012 ஜூன்ல நீ ஸ்கூல்ல இருந்தப்ப பாத்தியே, 19, 20 ரெண்டு நாள்ல சில இடத்துல பத்து இன்ச் மழை, ரோடு பிளந்துச்சு, மூடி வெச்ச ஓடை எல்லாம் ரோட்டுக்கு மேல வந்துருச்சு, மிருகக்காட்சி சாலைல பண்ணை விலங்குங்க நிறைய செத்துப் போச்சு, ஃபீஸ்டின்னு ஒரு சீல் கிராண்ட் அவென்யூல ரோட்ட கடந்து போனத எல்லாரும் சிரிச்சு சிரிச்சு ஷேர் பண்ணாங்க. சீல் கதைதான் எல்லாருக்கும் ஞாபகம், நம்ம தெருவுல எத்தன பேஸ்மென்ட் போச்சு, சாதா வீட்டு இன்ஷூரன்ஸ்ல வெள்ளம் சேராதுன்னு எத்தன பேருக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுதுங்கறது யாருக்கும் ஞாபகம் இல்ல. அதனால வீட்டுக்காரன்கிட்ட முதல்ல கேக்க வேண்டியது கிச்சன் மார்பிள் இல்ல, 2012-ல பேஸ்மென்ட் எப்படி இருந்துச்சு, பேஸ்மென்ட் தண்ணிய வெளிய இறைக்கிற சம்ப் பம்ப் இருக்கா, வீட்டுக்கு அடில ஓடை போகுதா, இதுதான்.

பார்க் பாயிண்ட்ல பீச் வீடு வேணும்னு மருமக சொன்னான்னு சொன்ன. அழகுதான், ஏழு மைல் நீளத்துக்கு மணல் திட்டு, ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் துறைமுகம். ஆனா உள்ள போக ஒரே வழி அந்த லிஃப்ட் பாலம், கப்பல் வந்தா பாலம் மேல போயிரும், ஆபீஸுக்கு லேட்டா வர்றவங்க "பிரிட்ஜ்டு ஆயிட்டேன்"னு சொல்றது இந்த ஊர்ல நியாயமான காரணம். தூத்துக்குடில கப்பல் பாத்து வளர்ந்த எனக்கு அது சந்தோஷம், ஏரில ஓடுற ஆயிரம் அடி சரக்குக் கப்பல் ஹாரன் அடிக்க பாலம் பதிலுக்கு அடிக்கிறத இன்னும் நின்னு பாப்பேன். ஆனா வீட்ட வேற இடத்துல வாங்கு. 2017, 2018 புயல்ல லேக்வாக் நடைபாதைய அலை பேத்து எடுத்துச்சு, திட்டுல மணல் கரைஞ்சுட்டே இருக்கு. நவம்பர் காத்துன்னா என்னன்னு தெரிய 1905 போதும், நவம்பர் 28-ஆம் தேதி மட்டாஃபாங்கற கப்பல் கால்வாய்க்குள்ள வரப் பாத்து கால்வாய் ஓரச் சுவர்ல மோதி, கரைல இருந்து கூப்பிடு தூரத்துல தட்டி நின்னுச்சு, ஊரே கரைல நெருப்பு மூட்டி ராத்திரி முழுக்க நின்னு பாத்துச்சு, படகு விட முடியல, ஒம்பது பேரு குளிர்ல உறஞ்சே செத்தாங்க.

தீ வராதுன்னும் நெனைக்காத. 1918 அக்டோபர் 12, ரயில் எஞ்சின் பொறில காஞ்ச காடு பத்தி, பக்கத்து க்ளோகே ஊரே எரிஞ்சு, டுலூத் ஓரம் வரைக்கும் வந்து, 453 பேரு செத்தாங்க. இப்பவும் 2021, 2023 கோடைல காட்டுத்தீ புகைல ஏரி தெரியாம ஜன்னல மூடிட்டு உக்காந்திருந்தோம், உங்கப்பாவுக்கு மூச்சு இழுத்துச்சு. தண்ணி சுத்தம்னு எழுதிருக்கான், இப்ப சுத்தம்தான், ஆனா 1955-ல இருந்து 1980 வரைக்கும் வடகரைல சில்வர் பேல தாது அரைச்ச கழிவ ஏரிலயே கொட்டுனாங்க, 1973-ல நம்ம குடிதண்ணிலயே ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி நார் இருக்குன்னு தெரிஞ்சு, கேஸு பல வருஷம் நடந்துச்சு, ஃபில்டர் ஆலையும் அப்பத்தான் வந்துச்சு. தானா சுத்தமா இருந்ததில்ல, சண்ட போட்டு வாங்குனது.

இன்னொண்ணு, இத எந்த விளம்பரமும் போடாது. 1920 ஜூன் 15, சர்க்கஸோட வந்த மூணு கறுப்பின பையன்கள, எலியாஸ் கிளேட்டன், எல்மர் ஜாக்சன், ஐசக் மெக்கீ, பொய்க் குற்றம் சாட்டி ஆயிரக்கணக்கான பேரு ஜெயில உடைச்சு இழுத்து வந்து டவுன்டவுன்ல விளக்குக் கம்பத்துல தொங்க விட்டாங்க. கொலைக்குன்னு ஒருத்தனுக்கும் தண்டனை இல்ல. எண்பது வருஷத்துக்கு மேல ஊரு வாயே திறக்கல, 2003-லதான் அதே முக்குல நினைவிடம் கட்டுனாங்க. நம்ம நிறத்துல ஆளுங்க இன்னும் கொஞ்சம்தான் இங்க. எங்களுக்கு மரியாதைக் குறைவு பெருசா நடக்கல, நல்ல ஜனம், பனில கார் மாட்டுனா பேரு கேக்காம வந்து தள்ளிவிடுவாங்க. இருந்தாலும் பாப்பா இங்க ஸ்கூலுக்குப் போகப் போறான்னா அவ அம்மாவுக்கு இது தெரிஞ்சிருக்கணும், நீங்க வரும்போது நானே அங்க கூட்டிட்டுப் போறேன்.

குளிர் பத்தி உனக்குத் தெரியும், ஆனா நீ விட்டுட்டுப் போன குளிர் இப்ப இல்ல. 2022-23 சீசன்ல 140 இன்ச் பனி, இதுவரைக்கும் இல்லாத ரெக்கார்டு, உங்கப்பா பனி ஒதுக்கி ஒதுக்கி இடுப்பு புடிச்சுக்கிட்டாரு. அடுத்த வருஷமே பாரு, பனியே இல்லாம பேர்கிரீஸ் நாய் வண்டிப் பந்தயத்த ரத்து பண்ணாங்க. எது வரும்னு இப்ப பழைய ஆளுங்களாலயே சொல்ல முடியல. உச்சத்துல இருந்து பாதாளத்துக்கு ஒரே வருஷத்துல போற ஊர எப்படிடா க்ளைமேட்-ப்ரூஃப்னு சொல்றது?

இவ்வளவும் சொல்லிட்டு வராதன்னு சொல்றேன்னு நெனைக்காத எய்யா. வா. எங்களுக்கு வயசாகுது, பாப்பா பக்கத்துல இருக்கணும், அதுக்காக வா, மருமகளுக்கு வேலை கிடைச்சா வா. ஊரு தப்பிக்கும்ங்கறதுக்காக வராத. அப்படி நெனச்சு வந்து இப்ப ரெண்டு மூணு வருஷமா வெளியூர்க்காரங்க ரொக்கத்துக்கு வீடு கேக்குறாங்க, நம்ம லைப்ரரில வேலை பாக்குற பொண்ணுக்கு வாடக வீடு கிடைக்கல. அந்தக் கூட்டத்துல நீயும் சேந்து விலைய ஏத்தாத, ஒரு வருஷம் மாடில இரு, நாலு சீசனும் பாரு, அப்புறம் லேக்சைட்ல இல்லன்னா மேல ஹைட்ஸ் பக்கம் மேட்டுல, ஓடைய விட்டுத் தள்ளி பாப்போம். பாதி வீடு நூறு வருஷப் பழசு, ஃபர்னஸ் எந்த வருஷத்துது, கூரைல ஐஸ் கட்டி உள்ள ஒழுகுன கறை இருக்கான்னு பாக்க உங்கப்பா வருவாரு, அவரு டார்ச் அடிச்சா ஏஜென்டே பயப்படுவான்.

மருமகளுக்கு ஊரக் காட்டணும்னா ஜூலைல கூட்டிட்டு வராத, ஜூலைல எல்லாருக்கும் பிடிக்கும். ஏப்ரல்ல வாங்க. அழுக்குப் பனி, சேறு, பனிமூட்டம், முகத்துல அடிக்கிற கிழக்கு காத்து, அப்ப பிடிச்சா பிடிச்சதுதான். டிக்கெட் மினியாபோலிஸ் வரைக்கும் மட்டும் போடு, இங்க வர்ற சின்ன ஃப்ளைட் மூட்டத்துல கேன்சல் ஆகும், ரோட்டுல ரெண்டரை மணி நேரம்தான், நாங்க வந்து கூட்டிட்டு வந்துருவோம். அவ கால் சைஸையும் பாப்பா கால் சைஸையும் இன்னைக்கே மெசேஜ் பண்ணு, இப்ப பூட்ஸெல்லாம் பாதி விலைல போட்டிருக்கான், ஞாயித்துக்கெழமையோட முடியுது.

அம்மா